நான்காம் விதியின் கடைசி வரி

தாண்டவராயன் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முப்பதாம் தேதி மாலையோடு அறுபத்து நான்கு பேரின் வேலை முடிந்துவிடும். ஜூன் முதல் வாரத்தில் அதே அறுபத்து நான்கு பேருக்கும், அல்லது அவர்களில் நிர்வாகத்துக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும், புதிய நியமன உத்தரவு வரும். பத்து வருடம் பாடம் நடத்தியவரும் அந்த உத்தரவில் புதிதாகச் சேர்பவர்தான். இடையில் கிடக்கும் மே மாதத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுப் போனால், தகப்பனாரின் தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

"மே மாசத்துல நாம யாரு?" என்று சங்கத்தின் முதல் கூட்டத்தில் எழுந்து கேட்டவள் அமேலி. பிரெஞ்சு விரிவுரையாளர். பிற்பாடு அந்தக் கேள்வி அட்டைகளில் எழுதப்பட்டு, கோரிமேட்டுச் சாலையில் பல்கலைக்கழக வாசலில் மூன்று வாரம் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸிலிருந்து நோயாளிகளெல்லாம் எட்டிப் பார்த்து அதைப் படித்துக்கொண்டு போனார்கள்.

சங்கத்தின் செயலாளர் முருகையன். கணிதத் துறை. அரியாங்குப்பத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், அண்ணன்கள் இன்னும் வயலில் சவுக்கு மரம் போடும் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன். மேடையில் நன்றாகப் பேசுவான். ஆனால் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் கோபம்தான் காகிதத்தில் இறங்குமே தவிர விஷயம் இறங்காது. அதனால் கடிதங்களை அமேலி எழுதினாள். கோரிக்கைகளை எண் போட்டுப் பிரித்தவளும் அவள்தான். பழைய நியமன உத்தரவுகளை ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் வாங்கி, வருடவாரியாக அடுக்கி, நிர்வாகம் எந்தெந்த வருடம் எந்தச் சொல்லை மாற்றியது என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். கோரிக்கைகளில் முக்கியமானவை மூன்று. வருடம் முழுவதற்குமான வேலை, ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு நிரந்தரம், பிரசவ விடுப்பு.

பிரசவ விடுப்பு என்றால் எல்லோருக்கும் வேதியியல் துறை அன்னக்கிளி ஞாபகம் வரும். மூன்று வருடம் முன்பு ஜூன் மாதத்தில் அவள் எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தாள். அவளுக்கு உத்தரவு வரவில்லை. "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்றார்கள். அடுத்த வருடம் வந்தாள். அதற்கு முன் வேலை பார்த்த ஆறு வருடம் கணக்கில் இல்லாமல் போயிருந்தது. 2007 ஏப்ரலில் அவள் மறுபடியும் ஐந்து மாதம்.

அந்த ஏப்ரலில்தான் சங்கம் விடைத்தாள் திருத்துவதை நிறுத்தியது. நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது. சங்கத்தின் சார்பில் மூன்று பேர்: முருகையன், அமேலி, இயற்பியல் துறை செல்வகுமார். செல்வகுமாருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன இடத்திலெல்லாம் பெண் வீட்டார் "பர்மனென்ட்டா?" என்று கேட்டுவிட்டு, காப்பியைக் கொடுத்து அனுப்பினார்கள். வேந்தரின் சார்பில் எதிரில் உட்கார்ந்தவர் பதிவாளர் பலராமன். தொழிலாளர் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரி. எத்தனையோ தொழிற்சங்கங்களைப் பார்த்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். வந்தவர்களுக்கு முதலில் டீ வரும், பிறகு பிஸ்கட் வரும், அதற்குப் பிறகுதான் பேச்சு.

ஐந்து சுற்று முடிந்தது. ஆறாவது சுற்று ஏப்ரல் இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை என்று பலராமன் சொன்னபோது அமேலி தலை நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு எங்களுக்கு எலெக்ஷன் சார். வாக்குச்சாவடியில எனக்கு ட்யூட்டி இருக்கு."

பலராமன் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். "ஓ, பிரான்ஸ் எலெக்ஷனா? சரி சரி. ஆனா வேந்தர் ஞாயித்துக்கிழமை சாயந்தரம் சிங்கப்பூர் போறாரு மேடம். திரும்பி வரப் பத்து நாள் ஆயிடும்."

அமேலியின் தாத்தா பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவில் இருந்தவர். எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று புதுச்சேரிக்காரர்களைக் கேட்ட காலத்தில், அவர் பிரெஞ்சு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது அவர் மகனுக்கு வந்து, பேத்திக்கும் வந்தது. அமேலி நெல்லித்தோப்பில் பிறந்து, நெல்லித்தோப்பிலேயே நாற்பது வயதானவள். அண்ணன் ஜூல் பாரீஸுக்கு வெளியே ஒரு ஊரில் இருந்தான். அவளும் அம்மாவும் இங்கே. பிரான்ஸுக்கு அவள் போனது இரண்டே தடவை. இரண்டும் அண்ணன் வீட்டு விசேஷங்களுக்கு.

வெளியே வந்ததும் அவள் முருகையனிடம் சொன்னாள்: "நீங்க காலைல ஆரம்பிச்சுடுங்க சார். என்னை மூணு மணிக்கு விட்டுடுவாங்க. ஆட்டோ புடிச்சு மூன்றரைக்கு இங்க இருப்பேன். கையெழுத்து மட்டும் நான் வந்தப்புறம் வச்சுக்கலாம். கடைசி டிராஃப்டை ஒரு தடவ பாத்துடுறேன்."

"நீங்க இல்லாம கையெழுத்தே இல்ல மேடம்" என்றான் முருகையன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தார்கள். அன்று பலராமனிடம் ஏதோ ஒன்று தளர்ந்திருந்தது. ஐந்து சுற்றாக விட்டுக்கொடுக்காததையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டார். பன்னிரண்டு மாத வேலைக்குச் சரி என்றார். பிரசவ விடுப்புக்குச் சரி. காரணம் சொல்லாமல் யாரையும் நீக்குவதில்லை என்பதற்கும் சரி. செல்வகுமார் மேசைக்கடியில் முருகையனின் முழங்காலைத் தட்டினான். ஒரு மணிக்குத் தட்டச்சு செய்த ஒப்பந்தம் மேசைக்கு வந்தது. பதினொரு விதிகள். முருகையன் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

நான்காம் விதி நிரந்தரம் பற்றியது. ஐந்து வருடம் முடித்த எல்லோரும் வரும் ஜூன் முதல் நிரந்தரம், முடிக்காதவர்கள் முடிக்கும் வருடத்தில். அதன் கடைசி வரியில் விரல் நின்றது. இந்த விதி இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே பொருந்தும்.

"இது என்ன சார்?"

பலராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிரந்தரப் பதவின்னா அப்படித்தான் சார் போடுவாங்க. கவர்மென்ட்லயும் அதான்."

"இதுக்கு முந்தி எந்த டிராஃப்டுலயும் இல்லயே."

"இதுக்கு முந்தி நான் நிரந்தரத்துக்கே ஒத்துக்கலயே." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "வேந்தர் ரெண்டு மணிக்கு மெட்ராஸ் கெளம்புறாரு. அவர் கார்ல ஏர்றதுக்கு முந்தி இதுல அவர் கையெழுத்து வாங்கணும். இல்லன்னா மே மாசம்தான். மே மாசத்துல நீங்க யாருன்னு நீங்களே அட்டையில எழுதிக் கேட்டிருக்கீங்க. ஸ்டாஃபே இல்லாதவங்ககூட நான் எப்படிப் பேசுறது?"

முருகையன் பத்து நிமிடம் கேட்டான். "தாராளமா" என்றார் பலராமன்.

இருவரும் நடைபாதைக்கு வந்தார்கள். விடுமுறை நாள் என்பதால் கட்டடம் முழுக்க வெறிச்சென்று இருந்தது. முருகையன் செல்போனை எடுத்து அமேலிக்கு அடித்தான். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதிவு செய்த குரல் சொன்னது. வாக்குச்சாவடிக்குள் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் குரலைக் கேட்டதும் தன் மனதில் வந்தது நிம்மதி என்பதை அவன் அன்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. அது பல மாதம் கழித்து, ஒரு வகுப்பின் நடுவே கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தெரிந்தது.

"மூன்றரைக்கு வந்துடுவாங்க" என்றான்.

"வேந்தர் ரெண்டு மணிக்குப் போறாரு சார்."

"போனா போவட்டுமே. பேப்பர் திருத்தாம இருந்தா ரிசல்ட் எப்படிப் போடுவாங்க? திரும்பி வந்துதான ஆவணும்?"

"வர்லன்னா? வெளியிலேர்ந்து ஆள வச்சுத் திருத்துனா? அன்னக்கிளி மேடம்கிட்ட போயி இன்னா சொல்லுவீங்க?" செல்வகுமார் குரலைத் தாழ்த்தினான். "சார், நான் தப்பாச் சொல்லல. அறுபத்து மூணு பேருக்குக் கெடைக்குது. ஒருத்தருக்குத்தான் இல்ல. அதுவும் அவங்களுக்கு பிரான்ஸ் இருக்கு சார். நாளைக்கே ஏறிப் போயிடலாம். நமக்கு இன்னா இருக்கு?"

அமேலிக்கு பிரான்ஸில் என்ன இருக்கிறது என்று முருகையனுக்குத் தெரியும். அண்ணன் வீட்டு ஹாலில் ஒரு மடக்குக் கட்டில் இருக்கிறது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அதைச் செல்வகுமாரிடம் அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனுடைய ஊரிலும் அப்படித்தான் பேசுவார்கள்: அவங்களுக்கென்ன, பிரெஞ்சுக்காரங்க. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, அது பொய் என்று தெரிந்த பிறகும் காதுக்குப் பழகிய பேச்சாகத்தான் இருந்தது.

"முதல்ல இத வாங்கிடுவோம்" என்றான். "அவங்க விஷயத்த அடுத்த மாசம் தனியா எழுப்பிக்கலாம்."

ஒன்றரை மணிக்குக் கையெழுத்துப் போட்டான். பலராமன் எழுந்து கை கொடுத்தார்.

மதியம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நேரு வீதியில் பிரியாணி சாப்பிட்டார்கள். மூன்று நாற்பதுக்கு முருகையனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. திரையில் அமேலியின் பெயர். மேசையில் எல்லோரும் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சத்தத்தில் எப்படிப் பேசுவது என்று அவன் தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். அதிர்ந்து அதிர்ந்து போன் நின்றது. பிறகு வரவே இல்லை.

அந்த நேரத்தில் அவள் பல்கலைக்கழக வாசலில் நின்றிருந்தாள் என்பதைக் காவலாளி பக்கிரி மறுநாள் அவனிடம் சொன்னார். "பிரெஞ்சு மேடம் வந்தாங்க சார். ஆட்டோவ நிக்கச் சொல்லிட்டு ஓடியாந்தாங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்கம்மான்னேன். 'அப்படியா, நல்லது'ன்னாங்க. அதே ஆட்டோல போயிட்டாங்க."

திங்கட்கிழமை பொதுக்குழு. வாசலில் பட்டாசு வெடித்தார்கள். முருகையன் மேடையில் நின்று பதினொரு விதிகளையும் வாசித்தான். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். நான்காம் விதிக்கு வந்தபோது கடைசி வரியை விடாமல்தான் வாசித்தான். ஆனால் மூச்சு விடாமல், அடுத்த விதியோடு சேர்த்து வாசித்தான். கைதட்டலில் அது அமுங்கிவிட்டது. பின்வரிசையில் அமேலி உட்கார்ந்திருந்தாள். அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள். அந்த வரி வந்ததும் கைகள் மடிக்கு வந்தன. அவன் அதைப் பார்த்தான்.

கூட்டம் முடிந்ததும் அன்னக்கிளி மேடைக்கு ஏறி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சார், இந்தத் தடவ நான் பயப்படாம பெத்துக்குவேன் சார்" என்றாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவனுக்கு இத்தனை வருடம் கழித்து நினைவில் நின்றிருக்காது. ஏனென்றால் அந்தக் கையெழுத்தால் கிடைத்த இந்த நன்மையும் உண்மை. ஆகஸ்டில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்து வந்து அதே ஆய்வகத்தில் நின்றாள்.

மாடிப்படி இறங்கும்போது அமேலி காத்திருந்தாள். கையில் ஒப்பந்தத்தின் நகல்.

"மேடம், நேத்து உங்களுக்கு அடிச்சேன்..."

"தெரியும் சார். போனை ஆன் பண்ணதும் பாத்தேன்." அவள் நகலை மடித்தாள். "ஒண்ணு மட்டும் கேக்குறேன். என்னை எப்போ நெனச்சீங்க? கையெழுத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான் மேடம். அதான் அடிச்சேன்."

"பின்னாடின்னு சொல்லியிருந்தீங்கன்னா எனக்கு நல்லா இருந்திருக்கும்" என்றாள். பிறகு, "மூன்றரைக்கு நான் வந்துட்டேன். ரெண்டு மணி நேரம்தான சார்" என்றாள்.

அடுத்த மாசம் எழுப்புகிறேன், கடிதம் எழுதுகிறேன், விடமாட்டேன் என்று அவன் என்னென்னவோ சொன்னான். அவள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் எல்லோரையும்போல விடைத்தாள் திருத்த வந்தாள். தன் பங்கு முழுவதையும் நான்கே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூனில் நாற்பத்தோரு பேருக்கு நிரந்தர உத்தரவு வந்தது. முருகையனுக்கும் வந்தது. ஐந்து வருடம் முடித்தும் நிரந்தரமாக முடியாதவருக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்று அமேலிக்கு வேறு காகிதம் வந்தது: பகுதிநேர விரிவுரையாளர், எடுத்த வகுப்புக்கு மட்டும் சம்பளம். அவளுடைய மேசையை எடுத்துவிட்டார்கள். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் அவள் நூலகத்தில் உட்கார்ந்தாள்.

முருகையன் பதிவாளருக்கு இரண்டு கடிதம் எழுதினான். அவனே எழுதினான், அவளிடம் எழுதித் தரச் சொல்ல முடியாதே. இரண்டுக்கும் ஒரே பதில்: ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கானது, திருத்தம் ஏதும் அதன் பிறகே. மூன்றாவது கடிதத்தைப் பற்றிச் செயற்குழுவில் பேசியபோது, இப்போதுதான் எல்லாம் அமைதியாக இருக்கிறது, கிளற வேண்டாம் என்றார்கள். அவன் வற்புறுத்தவில்லை. நடைபாதையில் அவளை எதிரில் கண்டால் நின்று இரண்டு வார்த்தை பேசுவான். போகப் போக, நூலகப் பக்கமாகப் போகும் வழியையே தவிர்க்க ஆரம்பித்தான்.

2008 ஜூலையில் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அண்ணனிடம் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் நெல்லித்தோப்புக்குப் போனான். வீட்டில் பாதிச் சாமான் இல்லை. இருந்த ஒரே நாற்காலியை அவனுக்குப் போட்டுவிட்டு, அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அம்மா உள் அறையில் யாருடனோ பிரெஞ்சும் தமிழுமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அங்க காலேஜுல ஏதாவது..." என்று முருகையன் இழுத்தான்.

"அங்க பிரெஞ்சு சொல்லிக் குடுக்க நானா சார்?" அவள் சிரித்தாள். "ஜூல் ஒரு முதியோர் இல்லத்துல பேசி வச்சிருக்கான். வயசானவங்களப் பாத்துக்குற வேலை. அம்மாவப் பாத்துப் பாத்துப் பழக்கந்தான்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் அவன் வந்திருந்தான். அரியாங்குப்பம் பாலத்திலிருந்து அந்த வார்த்தையை மனதுக்குள் சொல்லிச் சொல்லித்தான் ஸ்கூட்டரை ஓட்டி வந்தான். காப்பி குடித்து முடியும்வரை அது வாயில் வரவே இல்லை.

"அங்க குளிர் ஜாஸ்தியோ?" என்று கேட்டான்.

"ஜாஸ்திதான். பழகிடும்" என்றாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

2009 ஏப்ரலில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சுவார்த்தை வந்தது. அதே அறை, அதே டீ. பலராமனுக்குத் தலை இன்னும் வெளுத்திருந்தது. இந்த முறை முருகையன் முதலிலேயே முடிவு செய்திருந்தான்: நான்காம் விதியின் கடைசி வரி போகாமல் வேறு எதையும் பேசுவதில்லை. பழைய உத்தரவுகளை எடுத்து வைத்து, முந்தின இரவெல்லாம் உட்கார்ந்து வாதங்களைத் தயார் செய்திருந்தான். தேவைப்பட்டால் வெளிநடப்பு என்று செயற்குழுவிடமும் சொல்லி வைத்திருந்தான்.

"முதல்ல நாலாம் விதி" என்று ஆரம்பித்தான். "கடைசி வரி..."

பலராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். "இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். இதா? எடுத்துடலாம் சார்." பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். "அப்புறம்?"

முருகையன் அடுத்த காகிதத்தை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சார் அப்படிப் பாக்குறீங்க?"

"அன்னைக்கு ஏன் போட்டீங்க?"

"அன்னைக்கா?" பலராமன் யோசித்தார். உண்மையாகவே நினைவுபடுத்திக்கொள்பவர்போலத்தான் இருந்தது. "பேச்சுவார்த்தைன்னா நம்ம பக்கமும் நாலு வார்த்தை போட்டு வைக்கறதுதான். நீங்க ஒண்ணு ரெண்ட அடிப்பீங்க, நாங்க விடுவோம். நீங்க அத அடிப்பீங்கன்னுதான் நானும் நெனச்சேன். நீங்க பத்து நிமிஷம் வெளிய போயிட்டு வந்து கையெழுத்துப் போட்டுட்டீங்க. சரி, சங்கத்துக்கே ஆட்சேபணை இல்ல போலன்னு விட்டுட்டேன்."

"வேந்தர் ரெண்டு மணிக்குக் கெளம்புறாருன்னீங்களே."

"கெளம்புனாரு. ஃப்ளைட்டு ராத்திரி பத்தரைக்குத்தான். ஒரு மணி நேரம் இருங்கன்னா இருந்திருப்பாரு." பலராமன் டீயை அவன் பக்கம் நகர்த்தினார். "ஆறிப் போவுது சார்."

அவர் சொன்னது உண்மைதானா, இரண்டு வருடத்துக்குப் பிறகு சொல்வதால் சுலபமாக வருகிறதா என்று முருகையனால் தீர்மானிக்க முடியவில்லை. அதை இனிமேல் யாராலும் தீர்மானிக்க முடியாது. ஒருமுறை மறுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பக்கத்தில் செல்வகுமார் குனிந்த தலை நிமிராமல் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது.

அன்று சாயந்தரம் முருகையன் கடற்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அமேலிக்கு போன் செய்தான். எண்ணை ஜூலின் பழைய நண்பர் ஒருவரிடம் வாங்கியிருந்தான். அங்கே மதியம். பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தமும், ஒரு கிழவி எதையோ திரும்பத் திரும்பக் கேட்கும் குரலும் கேட்டன.

"முருகையன் சாரா! நல்லா இருக்கீங்களா? அன்னக்கிளி பொண்ணு நடக்குதா?"

"ஓடுது மேடம். அந்த வரிய எடுத்தாச்சு மேடம். நாலாம் விதியில. இன்னைக்கு."

மறுமுனையில் பாத்திரச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது.

"ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா சார்?"

ஒரு கோடுதான் மேடம், கேட்டதும் போட்டுவிட்டார் என்று சொல்வதற்காகத்தான் அவன் போன் செய்தான். அதைச் சொன்னால் அவள் அந்த ஒரு வருடத்தை, நூலகத்தில் உட்கார்ந்திருந்த மதியங்களை, விற்றுப்போன நாற்காலிகளை, இப்போது இந்தக் கிழவிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை எல்லாம் எப்படி நினைத்துக்கொள்வாள் என்று ஒரு கணம் தோன்றியது. தன்னை எப்படி நினைத்துக்கொள்வாள் என்றும் தோன்றியது.

"ஆமா மேடம்" என்றான். "லேசுல விடல. மூணு நாலு ரவுண்டு போச்சு."

"மெர்சி, ரொம்ப நன்றி முருகையன் சார். நான் அங்க இல்லாதப்பவும் எனக்காக நின்னீங்க பாருங்க. அம்மாகிட்ட சொல்றேன்."

கிழவி மறுபடியும் கூப்பிட்டாள். அமேலி பிரெஞ்சில் இதோ வருகிறேன் என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டு, விடைபெற்றுக்கொண்டு போனை வைத்தாள்.

அந்த டிசம்பரில் சங்கத் தேர்தல் வந்தது. முருகையன் போட்டியிட மறுத்துவிட்டான். வீடு தேடி வந்து காரணம் கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொன்னான்.